டோஃபுவில் வீகன் ‘சிக்கன்’ சாலட்: கொழகொழவென்று ஆகாமல் செய்வது எப்படி?

கொத்தவரங்காய்

இங்கே அமெரிக்காவில் டெலி கடைகளில் சிக்கன் சாலட் என்று ஒன்று விற்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பேர்தான் சாலட், இலை தழை எல்லாம் கிடையாது. வேகவைத்து ஆறவைத்த கோழி நெஞ்சுக்கறியைப் பிய்த்துப் போட்டு, மயோனைஸ், பொடியாக நறுக்கிய செலரி, வெங்காயம், சில கடைகளில் திராட்சையும் வால்நட்டும் சேர்த்துக் கிளறி, குளிரக் குளிர ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுப்பார்கள். மகள் கல்லூரிக்குப் போனதும் வீகன் ஆகிவிட்டாள், அதாவது இறைச்சி, முட்டை மட்டுமில்லை, பால், வெண்ணெய்கூடத் தொடுவதில்லை. பிரியாணியைக்கூட விட்டுவிட்டேன் அம்மா, இந்த சாண்ட்விச்சைத்தான் விட முடியவில்லை என்கிறாள். அடுத்த மாதம் தோழிகளோடு வருகிறாள், டோஃபுவில் (சோயா பாலைத் திரிய வைத்துச் செய்யும் கட்டி) செய்து கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி, டோஃபுவை உதிர்த்து மஞ்சள்தூள் போட்டு மயோனைஸில் பிசையச் சொல்கின்றன. பார்த்தாலே தெரிகிறது, அது முட்டை சாலட்தான். கடிக்கக் கோழி மாதிரி இருக்க வேண்டும், முட்டை இல்லாத மயோனைஸும் வேண்டும். அந்தக் கோழி ருசியை எதில் கொண்டுவருவது? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

பெருங்காயப்பெட்டி

எனக்கு எப்போதும் உள்ள சந்தேகம். கோழி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்குக் கோழி மாதிரி ஏன் வேண்டும்? சுண்டல் இருக்கிறது, கோசம்பரி இருக்கிறது. அதை ரொட்டியில் வைத்தால் ஆகாதா?

தீராப்பசி

பெருங்காயம் அண்ணா, அந்தப் பெண் கோழியைக் கொல்ல வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறாள், ருசி பிடிக்காமல் விடவில்லை. சீனத்துப் பௌத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாகக் கோதுமைப் பசையிலும் சோயாவிலும் வாத்தும் மீனும் ‘செய்து’ சாப்பிடுகிறார்கள், மடத்துக்கு வரும் விருந்தாளிக்குக் குறை தெரியக் கூடாது என்று. அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

கொத்தவரங்காய் அக்கா, கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கோழி ருசியை எதில் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்ந்துபோன வேகவைத்த நெஞ்சுக்கறியைத் தனியாக ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள், அதற்கென்று ருசி ரொம்பக் குறைவு. அந்த சாலட்டில் நாக்குக்குத் தெரிவதெல்லாம் உப்பு, மயோனைஸின் புளிப்பு, செலரி வாசனை, மிளகு. கோழி அங்கே பல்லுக்குத்தான் வேலை கொடுக்கிறது. அதனால் எசன்ஸ், வாசனைப் பொடி என்று அலையாமல் டோஃபுவின் பதத்தை மட்டும் மாற்றுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது.

டோஃபு: எக்ஸ்ட்ரா ஃபர்ம் என்று போட்டது, அங்கே 396 கிராம் கட்டியாகத் தண்ணீரில் மிதந்து வரும். சில்கன் என்று வரும் மெத்தென்ற வகை வேண்டவே வேண்டாம், அது பாயசத்துக்குத்தான் ஆகும். வாங்கியதை அப்படியே பாக்கெட்டோடு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். மஞ்சளாக மாறும், கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், உருகியதும் நிறம் திரும்பிவிடும். பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாகப் பிழியுங்கள். வரும் தண்ணீரைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

நடப்பது இதுதான். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிகிறது. உள்ளே வளரும் பனிப் படிகங்கள் சோயாப் புரதத்தை ஓரமாக நெருக்கித் தள்ளுகின்றன, நெருங்கிய புரதம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகிறது. பனி உருகிய பின் படிகம் இருந்த இடமெல்லாம் ஓட்டை, சுற்றிலும் இறுகிய தசை மாதிரிச் சுவர். ஜப்பானில் கோயாசான் மலை மடங்களின் பெயரால் கோயா டோஃபு என்று ஒன்று இருக்கிறது, குளிர்கால இரவில் வெளியே வைத்து உறைய விட்டு உலர்த்தியது, அதுவும் இதே வித்தைதான். நேரம் இருந்தால் உருக்கிய கட்டியை இன்னொரு முறை உறைய வைத்து உருக்குங்கள், இன்னும் நன்றாக இறுகும்.

பிழிந்ததைக் கத்தியால் வெட்டாதீர்கள். கையால் பிய்க்க வேண்டும், சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒழுங்கில்லாமல். சதுரமாக வெட்டினால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும், மயோனைஸும் வழுக்கிக்கொண்டு போகும். பிய்த்த முரட்டு ஓரத்தில்தான் அது பிடித்து நிற்கும்.

அடுத்து ஊறல். ஒரு கப் வெந்நீர், காய்கறி பவுலான் கட்டி (சூப்புக்குக் கரைப்பது) ஒன்று, வெங்காயப் பொடி ஒரு டீஸ்பூன், பூண்டுப் பொடி அரை, வெள்ளை மிசோ (ஜப்பானியர்களின் புளிக்கவைத்த சோயா விழுது) ஒரு டீஸ்பூன், பிறகு உங்கள் ஊரில் பவுல்ட்ரி சீசனிங் என்று விற்பது அரை டீஸ்பூன். கடைசியில் சொன்னதில் பேருக்குத்தான் கோழி, உள்ளே இருப்பதெல்லாம் சேஜ், தைம், மார்ஜொரம் மாதிரி இலைகள். அமெரிக்க நாக்குக்கு இந்த வாசனை வந்தாலே கோழி ஞாபகம் வந்துவிடும். பிய்த்த டோஃபுவை இதில் கால் மணி நேரம் போட்டு, பாதி அளவுக்கு மட்டும் பிழிந்து எடுங்கள். முழுக்கப் பிழிந்தால் போட்ட உப்பெல்லாம் போய்விடும்.

ஒரு ஸ்பூன் எண்ணெய் பிரட்டி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். இடையில் ஒரு முறை கிளறவும். ஓரம் லேசாகக் காய்ந்து நிறம் மாறினால் போதும், மொறுமொறுப்பு வரை போகக் கூடாது, இது பக்கோடா இல்லை. நன்றாக ஆறிய பிறகுதான் மயோனைஸ். சூட்டோடு கலந்தால் எண்ணெய் பிரிந்து வழியும்.

தாவ்குவா ராணி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே ஈரச்சந்தையில் தாவ் குவா என்று கட்டியாக அழுத்திய டோஃபு கிடைக்கும், அதற்கு உறைய வைக்கும் வேலைகூட இல்லாமலே ஓரளவு பதம் வந்துவிடும். ஆனால் தீராப்பசி சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. உறைய வைத்த டோஃபுவில் ஓட்டை வரும், கடிபடும், சரி. நார் வராது. கோழி நெஞ்சுக்கறியில் நீளவாக்கில் இழை இழையாகப் பிரியுமே, அது டோஃபுவின் பிறப்பிலேயே இல்லை, ஏனென்றால் அது பால் திரிந்து உறைந்த கட்டி, எந்தத் திசையில் பிய்த்தாலும் ஒரே மாதிரிதான்.

நாருக்குக் காளான் சேருங்கள். கிங் ஆய்ஸ்டர் என்று தடித்த தண்டோடு வரும் காளானை முள்கரண்டியால் நீளவாக்கில் கீறி இழை எடுத்து, எண்ணெய் இல்லாத சட்டியில் தண்ணீர் சுண்டும்வரை வதக்கிவிட்டு டோஃபுவோடு கலப்பேன். மூன்றில் இரண்டு பங்கு டோஃபு, ஒரு பங்கு காளான். இரண்டும் சேர்ந்தால்தான் பல் ஏமாறும். காளானிலேயே இயற்கையான குளூட்டமேட் இருப்பதால் ருசியும் கூடும்.

தீராப்பசி

ராணி, ஒப்புக்கொள்கிறேன், இழை வேண்டும் என்றால் காளான்தான். ஆனால் காளானை அரைகுறையாக வதக்கினால் மறுநாள் சாலட் கறுத்துத் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

அருப்புக்கோட்டை அன்னம்

நம் ஊரில் கிங் ஆய்ஸ்டருக்கு எங்கே போவது என்று யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், பால் காளான் வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொண்ணூறுகளின் கடைசியில் ஏபிகே 2 என்று வெளியிட்ட ரகம், ‘ஏபிகே’ என்பதே எங்கள் அருப்புக்கோட்டைதான், அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தின் பெயர். வெயில் தாங்கி வளரும், தண்டு தடியாக வெள்ளையாக இருக்கும், கீறினால் இழை இழையாக வரும். குடையைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு தண்டை இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

மிளகாய்ப்பொடி மாமா

இவ்வளவு சுற்றுவானேன்? மீல் மேக்கர் வாங்கி வேகவைத்துப் பிய்த்தால் முடிந்தது. விலையும் கம்மி, நாரும் தானாக இருக்கிறது.

தீராப்பசி

மாமா, நார் இருக்கிறது, மறுக்கவில்லை. எண்ணெய் எடுத்த சோயா மாவை எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்துத் தள்ளுவதால் அந்த இழை வருகிறது. சிக்கல் வாசனையில். சூடான குருமாவில் கிராம்பும் பட்டையும் அந்தப் பச்சை சோயா வாடையை அமுக்கிவிடும். இது குளிர்ந்த சாலட், எலுமிச்சையும் மயோனைஸும்தான் துணை, ஒளிய இடம் கிடையாது. அப்படியும் மீல் மேக்கர்தான் என்றால் உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி பிழிந்து, இதை இரண்டு தடவை செய்த பிறகு ஊறலில் போடுங்கள்.

கொத்தவரங்காய்

தம்பி, அருமை. காளான் சேர்த்தே செய்கிறேன். மயோனைஸ் பற்றி யாராவது சொல்லுங்கள். கடையில் வீகன் மயோ கிடைக்கிறது, ஆனால் வீட்டில் செய்ய முடியுமா?

பாதி ராத்திரி பேக்கர்

இது என் ஏரியா. வீட்டில் செய்வது அவ்வளவு சுலபம், கடையில் வாங்குவதே பாவம்.

சர்க்கரை போடாத சோயா பால் 100 மில்லி, வாசனை இல்லாத எண்ணெய் 200 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள் ஸ்பூன், கடுகு பேஸ்ட் அரை டீஸ்பூன், உப்பு. வாய் குறுகிய ஜாடியில் எலுமிச்சை தவிர எல்லாவற்றையும் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை அடியில் வைத்து அசைக்காமல் ஓட்டுங்கள். அடியிலிருந்து வெள்ளையாகக் கெட்டிப்பட்டு மேலே வரும், அப்போது மெல்ல மெல்லத் தூக்குங்கள். கடைசியில் எலுமிச்சை விட்டதும் இன்னும் இறுகும், ஏனென்றால் புளிப்புப் பட்டதும் சோயாப் புரதம் திரளும். பாலும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்து வந்தது, மற்றது அலமாரியில் இருந்து வந்தது என்றால் சில நேரம் சேராது. எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்க முட்டை மஞ்சள் கருவில் லெசித்தின் செய்யும் வேலையை இங்கே சோயா பாலில் உள்ள லெசித்தினும் புரதமும் செய்கின்றன. பாதாம் பாலில் முயற்சி செய்ய வேண்டாம், அதில் புரதம் போதாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும்: பெட்டியில் வரும் சோயா பால் நிறைய சர்க்கரை போட்டது, வெனிலா போட்டது. லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் கஸ்டர்ட் வாசனையில் மயோனைஸ் கிடைக்கும். சோயா பால் கிடைக்காவிட்டால் ஊறவைத்த முந்திரியை எலுமிச்சை, கடுகு, உப்போடு வெண்ணெய் போல அரைத்துக்கொள்ளுங்கள். அது மயோனைஸ் இல்லை, ஆனால் இந்த சாலட்டுக்கு நன்றாகவே பொருந்தும். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

ஒரு கிளைக்கதை. அமெரிக்கச் சட்டப்படி மயோனைஸ் என்று பேர் போட்டு விற்க வேண்டுமானால் முட்டை மஞ்சள் கரு இருக்க வேண்டும், எடையில் 65 சதவீதமாவது தாவர எண்ணெய் இருக்க வேண்டும். 2014இல் ஹெல்மன்ஸ் மயோனைஸின் தாய் நிறுவனமான யூனிலீவர், முட்டையில்லாத ‘ஜஸ்ட் மயோ’ செய்த ஹாம்ப்டன் கிரீக் மேல் இதற்காகவே வழக்குப் போட்டு, ஊரெல்லாம் கேலி செய்ததும் அந்த டிசம்பரிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. கொஞ்ச வருஷம் கழித்து ஹெல்மன்ஸே வீகன் மயோ விற்க ஆரம்பித்தது.

சைதாப்பேட்டை சுந்தரி

சென்னையில் இருந்து ஒரு கேள்வி. இங்கே இப்போது எல்லாக் கடையிலும் முட்டையில்லா மயோனைஸ்தானே வருகிறது, பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை வந்த பிறகு. அதையே வாங்கிப் போட்டால் வீகன் ஆகிவிடாதா?

பாதி ராத்திரி பேக்கர்

ஆகாது சுந்தரி. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது சால்மொனெல்லா மாதிரிக் கிருமிப் பயத்தால், அதற்கும் வீகனுக்கும் சம்பந்தம் இல்லை. முட்டையில்லாத மயோனைஸ்களில் பால் பவுடர் போட்டவை உண்டு. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும், பால் இருந்தாலும் பச்சைப் புள்ளிதான். வீகனுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022இல் தனி விதி கொண்டுவந்து தனி முத்திரையும் வைத்திருக்கிறது, அதைத் தேடுங்கள். இல்லையென்றால் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

சைதாப்பேட்டை சுந்தரி

நன்றி. செலரிக்கு என்ன செய்வது? ஒரு கட்டு வாங்கினால் இரண்டு தண்டு போக மீதி ஃப்ரிட்ஜில் அழுகுகிறது.

அருப்புக்கோட்டை அன்னம்

வாழைத்தண்டு. சிரிக்காதீர்கள், பிஞ்சுத் தண்டாகப் பார்த்து, நாரைச் சுற்றி எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கினால் அந்த நறுக் நறுக் அப்படியே வரும். கறுக்காமல் இருக்க வழக்கமாக மோரில் போடுவோம், வீகன் என்றால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர். செலரியின் வாசனை மட்டும் வராது, அதற்குக் கொத்தமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள், வேறு வாசனைதான், ஆனால் பச்சை வாசனை ஒன்று கிடைத்துவிடும். நூக்கோலும் நல்லது. வெள்ளரி போடுவதானால் விதையை வழித்துவிட்டு உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் குளமாகிவிடும்.

ஈஸ்ட்ஹாம் ஈசன்

லண்டனில் இருந்து எழுதுகிறன். அமெரிக்கச் சாலட்டை மட்டும் கதைக்கிறீங்கள், இங்கத்தை கொரோனேஷன் சிக்கனை ஒருத்தரும் சொல்லயில்லை. 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் சேர்ந்து உருவாக்கினது: ஆறின கோழி, மயோனைஸ், கறிப்பொடி, அப்ரிகாட் கூழ். இப்ப எல்லா சூப்பர்மார்க்கெட்டிலயும் சாண்ட்விச்சாக வருது, அதுக்குள்ள மஞ்சள் நிறமும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) தான் கூட.

டோஃபுவுக்கு இதுதான் சுகமான வழி, ஏனெண்டால் கறிப்பொடி வாசனை முன்னுக்கு நிக்கும், சோயா வாசனை தெரியாது. ஆனால் பொடியை அப்படியே மயோனைஸில் கொட்டாதேயுங்கோ, பச்சை மணம் அடிக்கும். சின்னதாக வெட்டின வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, அதில ஒரு தேக்கரண்டி கறிப்பொடி போட்டுச் சூடு காட்டி, ஆறவிட்டுப் பிறகு கலக்க வேணும். எங்கட யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள் இதுக்குச் சரிவராது, கறுப்பாக்கி உறைப்பாக்கிப் போடும். வறுக்காத மல்லித்தூள், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், அவ்வளவும் போதும். அப்ரிகாட் ஜாம் ஒரு கரண்டி, அல்லது மாங்காய் சட்னி.

பெருங்காயப்பெட்டி

இது கேட்க நன்றாக இருக்கிறது. கோழியை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் சாப்பிடுவேன் போலிருக்கிறது.

சைதாப்பேட்டை சுந்தரி

இன்னொன்று. என் மாமியார் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், சோயா கூடாது என்று யாரோ சொன்னார்களாம். புரதமும் கோழி அளவுக்கு வருமா?

தாவ்குவா ராணி

தைராக்சின் மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதை சோயா குறைக்கலாம் என்பதால் மாத்திரையையும் சோயாவையும் சில மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்வார்கள். எவ்வளவு இடைவெளி என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புரதம் கோழி அளவுக்கு வராது. சமைத்த நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 31 கிராம் வாக்கில் இருக்கும், டோஃபு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு புரதம், அமெரிக்கக் கட்டிகளில் பத்துச் சொச்சம் கிராம் பார்க்கலாம். ஆனால் முழு வீகன் ஆனவர்கள் கவலைப்பட வேண்டியது பி12 பற்றி. டோஃபுவில் அது கிடையாது, மாத்திரையாகவோ சத்தூட்டிய உணவாகவோ எடுக்க வேண்டும். அக்கா, மகளிடம் கேட்டு வையுங்கள்.

கொத்தவரங்காய்

பி12 எடுக்கிறாளாம், கேட்டுவிட்டேன். கடைசிக் கேள்வி: ஒன்பது பத்துப் பேர் வருகிறார்கள், ஆளுக்கு இரண்டு சாண்ட்விச். எவ்வளவு டோஃபு? முதல் நாளே செய்து வைக்கலாமா?

தீராப்பசி

ஒரு 396 கிராம் கட்டியும் 150 கிராம் காளானும் சேர்த்தால் தாராளமாக நான்கு, கொஞ்சம் சிக்கனமாக வைத்தால் ஐந்து சாண்ட்விச் வரும். ஐந்து கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிக்கு ஐந்தாறு டேபிள் ஸ்பூன் மயோனைஸ், இரண்டு செலரித் தண்டு, ஒரு கைப்பிடி திராட்சை இரண்டாக வெட்டியது, வறுத்த வால்நட் கொஞ்சம்.

டோஃபுவையும் காளானையும் முதல் நாள் தயாராக்கி மயோனைஸில் பாதியைப் பிரட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு ராத்திரி ஊறினால் ருசி கூடும். டோஃபு அதில் ஒரு பகுதியைக் குடித்துவிடும், அதனால் மறுநாள் மீதி மயோனைஸ், உப்பு, எலுமிச்சை மறுபடி பார்த்துச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த சாப்பாட்டில் உப்பு மங்கித் தெரியும், சூட்டில் ருசி பார்த்துத் திருப்திப்படாதீர்கள். செலரி, திராட்சை, வால்நட் மூன்றும் பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்புதான், இல்லாவிட்டால் ஒன்று தண்ணீர் விடும், மற்றது ஊறிப் பொத பொதவென்று ஆகும்.

வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். முட்டை இல்லை என்பதால் கெடாது என்று இல்லை. ரொட்டிக்குள் முதலில் ஒரு லெட்யூஸ் இலை, அதன் மேல் சாலட், அப்போது ரொட்டி நனையாது. அப்புறம் குரோசான் வாங்கிவிடாதீர்கள், டெலியில் அதிலும் கொடுப்பார்கள், பெரும்பாலும் வெண்ணெய் போட்டது.

கொத்தவரங்காய்

குரோசான்தான் வாங்குவதாக இருந்தேன். சாதாரண ரொட்டியிலும் பால் பவுடர் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறேன். டோஃபு ஐந்து கட்டியும் ஃப்ரீசரில் ஏறிவிட்டன. ஒரு கட்டியை மட்டும் ஈசன் சொன்ன கறிப்பொடி வழியில் செய்யப்போகிறேன், எனக்காக.